தெளிவாகக் கேட்ட குரல்

அலுவலகத்தில் அவளுக்கு 'காது' என்று பெயர். யார் முதலில் வைத்தார்களோ தெரியாது. வாசலில் நிற்கும் காவலாளிகூட, "காது மேடம், உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு" என்பார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும், அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் வேலை பார்த்த நிறுவனம் சிறிய கிளினிக்குகளுக்கு வீடியோ கால் கருவி செய்து கொடுத்தது. இந்தப் பக்கம் திரைக்கு முன்னால் நோயாளி உட்காருவார். அந்தப் பக்கம், எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசுவார். நாம் பேசுகிற குரல் இணையத்தில் முழுதாகப் போவதில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டித் தனித்தனியாக அனுப்புகிறார்கள். சில பொட்டலங்கள் தாமதமாக வரும், சில முன்னும் பின்னுமாக வரும், சில வழியிலேயே தொலைந்துபோகும். படமும் அப்படித்தான். வந்து சேர்ந்த குரலும் படமும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை.

அளக்க இயந்திரங்கள் உண்டு. ஆனாலும் கடைசித் தீர்ப்பை மனிதர்களிடமே கேட்பார்கள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டிய தேர்வு அறையில், வெளியிலிருந்து வரவழைத்த சாதாரண மனிதர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். குரல் பதிவுகளைக் கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுவார்கள். அருமை என்றால் ஐந்து, சகிக்கவில்லை என்றால் ஒன்று. சராசரி நாலைத் தாண்டினால் கருவி பாஸ். அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது கிளினிக்குகளுக்குப் போகும்.

அந்த ஆண்டு புரோகிராமர்கள் ஒரு புதிய மென்பொருள் எழுதியிருந்தார்கள். அதற்கு அலுவலகத்தில் 'தையல்காரர்' என்று செல்லப் பெயர். அதுவரை பொட்டலம் தொலைந்தால் அந்த இடத்தில் குரல் கரகரத்து அறுந்துபோகும். ஜனங்கள் "ஹலோ, ஹலோ, என்ன சொன்னீங்க?" என்று கத்துவார்கள். தையல்காரர் அந்த ஓட்டையை அடைத்துவிடுவார். முன்னும் பின்னும் வந்த ஒலியைப் பார்த்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, அதே குரலில் செய்து, தையல் தெரியாமல் ஒட்டிவிடுவார். முதல் முறை கேட்டபோது அவளே அசந்துபோனாள்.

தேர்வு அறையில் மார்க் கொட்டியது. நாலரைக்குக் குறையவே இல்லை. கடைசிச் சுற்று முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் வழக்கம்போலப் பதிவுகளை ஒருமுறை தானே கேட்டாள். ஒரு பெண்குரல் சொன்னது: "எனக்குக் காபி வேணும்." தெளிவான, இனிமையான குரல். கேட்டவர்கள் எல்லாரும் நல்ல மார்க் போட்டிருந்தார்கள். ஆனால் அவளுக்கு என்னவோ உறுத்தியது. அனுப்பிய மூலப் பதிவை எடுத்துப் போட்டாள்.

"எனக்குக் காபி வேணாம்."

திரும்பவும் போட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. 'ணா' இருந்த பொட்டலங்கள் தொலைந்திருந்தன. தையல்காரர் அங்கே 'ணு' வைத்துத் தைத்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் தலையை நீட்டினார். நல்ல மனிதர்தான், பொறுமைதான் கிடையாது. "காது, என்ன, முடிஞ்சுதா? மேல எல்லாரும் கேக் வெட்டாம உங்களுக்காகக் காத்துட்டிருக்காங்க."

"ஒரு நிமிஷம் சார்."

"ஏதாவது பிரச்சனையா?"

அவள் வாய் திறந்தாள். சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். புரோகிராமர்களின் முகம் தொங்கிப்போகும். இத்தனை பதிவுகளில் இது ஒன்றே ஒன்று. அதுவும் காபி. தவிர, மார்க் எப்படி என்றுதான் அவளிடம் கேட்டார்கள், அர்த்தம் சரியா என்று யாரும் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல சார். ஒரு பதிவு மட்டும் பழுது. அதை எடுத்துட்டேன்."

எடுத்தும் விட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்க் கேக் சாப்பிட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "கம்ப்ளெயின்ட்னு எல்லாம் இல்ல மேடம். குரல் நல்லாத்தான் இருக்கு, முன்னைவிட ரொம்ப நல்லா இருக்கு. இங்க ஒரு பெரியவர், டாக்டர் சொன்னதைத் தப்பாக் கேட்டுட்டார். காது மந்தம்போல. அவர் சம்சாரம் கொஞ்சம் சீரியஸா ஆயிட்டாங்க. எதுக்கும் லைனை ஒரு தடவ பாத்துட்டா நல்லது."

"என்ன தப்பாக் கேட்டார்?"

"பழைய மாத்திரை வேணாம்னு டாக்டர் சொன்னாராம். இவர் வேணும்னு கேட்டிருக்கார்."

அவள் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாளே அளக்கும் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கிளினிக் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை, பக்கத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடம். படியெல்லாம் மாணவர்கள். நர்ஸ் சிறு பெண்ணாக இருப்பாள் என்று நினைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறவள்.

"நான் அன்னிக்குப் பக்கத்துல இருந்திருக்கணும் மேடம்" என்றாள் நர்ஸ். "ஒரு குழந்தைக்குத் தலையில அடிபட்டு ரத்தத்தோட தூக்கிட்டு வந்தாங்க. அங்க ஓடிட்டேன். இவங்க ரெண்டு பேரும் மட்டும்தான் ரூம்ல."

நடந்தது இதுதான். அந்த அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு. ரத்தம் உறையாமல் இருக்க நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். டாக்டர் அதை மாற்றி வேறொன்று எழுதினார். "காலைல இந்தப் புது மாத்திரை. ராத்திரி பழைய மாத்திரை வேணாம்" என்றார். சீட்டில் புது மாத்திரை மட்டும்தான் இருந்தது. ஆனால் பழையது வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்ததால், அதை எழுத வேண்டாமென்று விட்டிருப்பார் என்று கணவர் நினைத்துக்கொண்டார். இரண்டையும் தவறாமல் கொடுத்தார். ஒரு நாள் காலை அந்த அம்மா பல் விளக்கும்போது சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கை விளங்கவில்லை, பேச்சும் குழறிப்போனது.

அவள் கருவிகளை லைனில் மாட்டினாள். காலை முழுவதும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கி எல்லாரும் இணையத்தில் நுழைந்ததும் பொட்டலங்கள் கொத்துக் கொத்தாகத் தொலைய ஆரம்பித்தன. லைன் திணறும்போது கருவி குரலுக்கு முதல் இடம் கொடுக்கும். படத்தைக் கடைசியாக வந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும். டாக்டர் வேண்டாமென்று தலையை ஆட்டியிருப்பார், கையைக்கூட அசைத்திருப்பார். இந்தப் பக்கம் திரையில் அவர் சிரித்த முகத்தோடு அசையாமல் இருந்திருப்பார்.

அப்போது கதவருகில் ஒருவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "இவர்தான் மேடம்" என்றாள்.

ஒல்லியான மனிதர். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. காதில் புத்தம் புதிய கருவி ஒன்று, தோல் நிறத்தில். மனைவிக்கு மாத்திரை வாங்க வந்திருந்தார். கம்பெனியிலிருந்து லைன் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் உரக்கச் சொன்னதும், அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கம்மா. என்னால உனக்கும் அலைச்சல்."

"ஐயா, அப்படியெல்லாம்…"

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. குரல் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. டாக்டர் எதுக்க உக்காந்து பேசற மாதிரி. என் காதுதான் சரியில்ல. அப்பவே செக் பண்ணியிருக்கணும், சோம்பேறித்தனம்." அவர் காதுக்கருவியைத் தொட்டுக் காட்டினார். "ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தேன். அதையும் விட்டுட்டேன். பின்னால பசங்க கத்தினா கேக்கலைன்னா என்ன ஆகறது? பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

'உங்க காது நல்லாத்தான் இருக்கு' என்று சொல்ல வந்தவள் கருவிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து நர்ஸிடம் மூன்று முறை உறுதி செய்துகொண்டு, படியிறங்கிப் போனார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று மாலை வீட்டில் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தக் காபி விஷயம் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நீ வாயத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியப் போறதும் இல்ல." அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "ஆனா உன் மூஞ்சி இருக்கிற இருப்புல, வாயத் திறக்கவே தேவையில்லைன்னு தோணுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்ங்க. கையெடுத்துக் கும்பிட்டு." வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மேனேஜரைத் தேர்வு அறைக்கு அழைத்துப்போனாள். கிளினிக்கில் எப்படிப் பொட்டலங்கள் தொலைந்தனவோ அதே மாதிரி இங்கேயும் தொலைய வைத்து, டாக்டர் சொன்ன வாக்கியத்தை அனுப்பினாள். பல முறை சரியாகவே வந்தது. சில முறை சொல் தேய்ந்து வந்தது. பிறகு ஒருமுறை, கணீரென்று, "ராத்திரி பழைய மாத்திரை வேணும்" என்றது.

மேனேஜர் ஹெட்போனைக் கழற்றினார். "லைன் அவ்வளவு மோசமா இருந்தா சாப்ட்வேர் என்னதான் பண்ணும்?"

"லைன் மோசம்னு அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். பழைய மெஷினா இருந்தா கரகரன்னு இருந்திருக்கும், 'என்ன டாக்டர்?'னு திருப்பிக் கேட்டிருப்பார். நாம கேக்கவே விடலையே. தப்பை அவ்வளவு அழகாத் தெச்சுக் கொடுத்துட்டோம்."

"சரி, அப்ப நம்ம டெஸ்டுல ஏன் தெரியல?"

இந்தக் கேள்விக்குத்தான் இரவெல்லாம் பயந்திருந்தாள். "தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுது. பழுதான பதிவுன்னு ஒண்ணை எடுத்துட்டேன்னு சொன்னேனே, அது பழுது இல்ல."

அவர் ஹெட்போன் வயரைச் சுற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்குக் கதவைத் திறந்து உங்களை அவசரப்படுத்தினது நான்தான்" என்றார் கடைசியில்.

"நீங்க பிரச்சனையான்னு கேட்டீங்க சார். நான்தான் இல்லைன்னேன்."

தையல்காரரை எல்லாக் கிளினிக்குகளிலிருந்தும் அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். குரல் மறுபடி கரகரத்தது, எல்லா ஊரிலிருந்தும் புகார் வந்தது. அவளைக் கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அதை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் கம்பெனியின் வக்கீல் ஒன்று சொன்னார்: அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, எல்லாம் கடிதம் மூலமாகத்தான், அதுவும் அவர்கள் கேட்டால்தான்.

"அவங்க எப்படி சார் கேப்பாங்க?" என்றாள் அவள். "தப்பு தன்னோடதுன்னு அவர் நெனச்சுட்டிருக்காரே."

வக்கீல் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார்.

நர்ஸிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டே அறை. அந்த அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் ஒரு ரப்பர் பந்தை வலது கைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத் துணியோடு எழுந்தவர், அவளை அடையாளம் கண்டதும் பதறி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஐயா, உங்க காதுல ஒரு குறையும் இல்ல. டாக்டர் வேணாம்னு சொன்னார். எங்க மெஷின் அதை வேணும்னு மாத்திடுச்சு. நீங்க கேட்டது சரி. மெஷின் சொன்னதுதான் தப்பு. இந்த மாதிரி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒரு தடவ என் காதாலேயே கேட்டேன். கேட்டுட்டுச் சொல்லாம விட்டுட்டேன்."

துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னாள். இந்த முறை இன்னும் கடினமாக இருந்தது.

"சொல்லாம விட்டீங்க" என்றார் அவர். 'நீ' போய் 'நீங்க' வந்ததை அவள் கவனித்தாள். "ஏன்?"

"காபி பத்தின வாக்கியம்தானேன்னு விட்டுட்டேன். எல்லாரும் காத்துட்டிருந்தாங்க."

அவர் கோபப்படவில்லை. துணியை வாளியில் போட்டு, கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக இறுக்கிப் பிடித்திருந்த எதையோ விட்டதுபோல அவர் தோள் இரண்டும் தொய்ந்தன. "என் பொண்ணு என்கூடப் பேசறதில்ல" என்றார். "அம்மாவைப் பாக்க வரும், நான் இருந்தா உள்ள வராது. நான் போய்ச் சொன்னா நம்பாது. நீங்களே போய்ச் சொல்லுங்க. போன்ல வேண்டாம். நேர்ல."

மகள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இவள் போனபோது கூட்டம் இல்லை. மகள் ஒரு தடித்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி இயந்திரத்தில் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள். பாதிக் கதையில் மகளின் கை நின்றது. இயந்திரத்தின் வெளிச்சம் மட்டும் ஒருமுறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

"அப்பாவை நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மகள். "ஆஸ்பத்திரி வராண்டாவுல, அத்தனை பேர் முன்னாடி. 'காது கேக்காதவனுக்கு எதுக்குப் பொண்டாட்டி'ன்னு கேட்டேன். அவர் அப்படியே நின்னார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல."

"அது உங்க தப்பு இல்ல. நான்…"

"என் தப்பு எதுன்னு நீங்க சொல்லாதீங்க." குரல் உடைந்தது. "அது என் வாயிலேருந்து வந்தது. எந்த மெஷினும் மாத்தல."

மகள் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரை இழுக்கப் போனாள். இவளும் உதவிக்குக் கை நீட்டினாள். "விடுங்க" என்றாள் மகள். "நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா நாளைக்கு அம்மா ஸ்பூன் பிடிக்கக் கஷ்டப்படும்போது உங்களைத்தான் நெனப்பேன். அதையும் தெரிஞ்சுக்குங்க."

"தெரியும்" என்றாள் அவள்.

மகள் அன்றே வீட்டுக்குப் போனாள் என்பது பிறகு நர்ஸ் சொல்லித் தெரிந்தது. அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். வக்கீல் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வேலையை விட்டுவிடத்தான் நினைத்திருந்தாள். மேனேஜர் விடவில்லை. "போயிட்டா உங்களுக்கு நிம்மதி. அடுத்த தையல்காரரை யார் கேப்பாங்க?" என்றார். தேர்வு அறையில் இப்போது மார்க் போடுவதற்கு முன்னால் கேட்டதைச் சொல்லச் சொல்கிறார்கள். வேணும், வேணாம்; வரும், வராது; உண்டு, இல்லை. இப்படி ஒரு சொல்லில் அர்த்தமே தலைகீழாகிற வாக்கியங்களை அவள்தான் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறாள். 'காது' என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்க ஒரு கணம் தாமதமாகிறது.

ஒருமுறை அந்த அம்மாவே பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். என்ன கேட்கப் போகிறாளோ என்று யோசித்துக்கொண்டே போனாள். அந்த அம்மாவுக்கு இப்போது பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"இவர்… என்ன சொன்னாலும்… ரெண்டு தடவ கேக்கறார். தண்ணி குடுன்னா… தண்ணியா, தண்ணியான்னு. எனக்கு… எரிச்சலா வருது." வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "காது நல்லா இருக்குன்னு… நீ இன்னொரு தடவ சொல்லு. நான் சொன்னா… நம்ப மாட்டேங்கறார்."

அவர் உள்ளேயிருந்து ஒரு தம்ளருடன் வந்தார். காதில் கருவி இல்லை. வேன் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார், இவர் அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

"ஐயா, உங்க காது நல்லா இருக்கு" என்றாள் அவள்.

"சரிங்க" என்றார். தம்ளரை மனைவியின் இடது கையில் பதமாக வைத்தார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்: "நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?"